புதுக் குழாயும் போகாத நீரும்

அப்புத்தளை நீர் தேங்கும் ஊர் அன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், மலைநாட்டின் தென்விளிம்பில், ஒடுங்கிய ஒரு முகட்டின் மீது அமைந்த ஊர் அது. முகட்டின் தெற்கே பொழியும் மழை தென்கடலை நோக்கி இறங்குகிறது. வடக்கே பொழியும் மழை மகாவலியோடு கலந்து, நெடுவழி நடந்து, திருகோணமலைப் பக்கத்தில் கடலைச் சேர்கிறது. சற்றுத் தொலைவில், கொஸ்லந்தைக்கு அருகே, தியலும அருவி 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகின்றது. கீழே இறங்குவது எப்படி என்று இந்த ஊரில் நீருக்கு எவரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. எனினும் இத்தகைய ஊரிலேகூட, குளிதொட்டியின் அடைப்பானை எடுத்த பின்னும் அரைமணி நேரம் நீர் அசையாது நிற்பதுண்டு. பழைய குழாய்களைக் கழற்றிப் புதிய குழாய்களைப் பூட்டிய மறுநாளே அவ்வாறு நிற்பதுதான் பெரும் வியப்பு.

குளிதொட்டி ஊவா மாகாணத்து மக்கள் யாவருக்கும் பழக்கமான பொருள் அன்று. தேயிலைத் தோட்டங்களோடு வந்த பொருள் அது. 1890ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். அவர் காலத்திலும் அதற்குப் பின்னரும் மலைச்சரிவுகளில் துரைமாரின் பங்களாக்கள் எழுந்தன. சேர் தோமஸ் வில்லியர்ஸ் கருங்கல்லாற் கட்டுவித்த அடிசம் மாளிகை 1931ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பனி மூடிய மாலைகளில் வெந்நீரில் அமிழ்ந்து குளிப்பதற்கென்று, உட்புறம் வெள்ளைப் பூச்சுப் பூசிய வார்ப்பிரும்புத் தொட்டிகள் இத்தகைய பங்களாக்களுக்கு வந்து சேர்ந்தன. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளின் கைக்கு வந்தது. பங்களாக்கள் சில இன்று விருந்தினர் தங்கும் விடுதிகளாக விளங்குகின்றன. தொட்டிகளும் பல இடங்களில் இருந்தபடியே இருக்கின்றன. ஆனால் அவற்றின் கீழே கிடந்த இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து ஓய்ந்துவிட, அவற்றின் இடத்தைப் பீ.வி.சி. குழாய்கள் பிடித்துக்கொண்டன. குழாய் மாறும்போதுதான் இன்றைய தொல்லை பிறக்கின்றது.

தொட்டி இல்லாத வீட்டாருக்கும் இவ்விடயம் பயன்படும். முகங்கழுவும் தொட்டிக்கும், சமையலறைத் தொட்டிக்கும், குளியலறைத் தரையின் நீர்த்துளைக்கும் விதி ஒன்றே.

அப்புத்தளையை அடுத்த பழைய பங்களா ஒன்றை எடுத்துக்காட்டாக மனத்தில் அமைத்துக்கொள்ளலாம். இது குறித்த ஓர் இடத்தின் கதையன்று. பல இடங்களில் நேர்வனவற்றைச் சேர்த்து அமைத்த உதாரணமே. பங்களாவைப் பார்த்துக்கொள்பவர் முதியவர். நாற்பது ஆண்டுகள் அங்கேயே தொண்டாற்றியவர். குழாய் பூட்டியவர் பண்டாரவளையிலிருந்து வந்த இளைஞர். வேலை முடிந்த மறுநாள் இருவரும் தொட்டியருகே நிற்கின்றனர்.

“தம்பி, துருப்பிடித்த பழைய குழாயிலே தண்ணீர் போயிற்று. பளபளக்கிற புதுக் குழாயிலே நின்றுவிட்டதே, இது என்ன நியாயம்?” என்கிறார் முதியவர்.

“குழாயில் ஒரு குறையும் இல்லை, பெரியவரே. உள்ளே சவர்க்காரமும் தலைமயிரும் அடைத்திருக்கும். கடையிலே அடைப்பு நீக்கும் மருந்து விற்கிறார்கள். வாங்கி ஊற்றினால் சரியாகிவிடும்” என்கிறார் இளைஞர்.

இளைஞரின் விடை கேட்பதற்கு நன்றாகவே இருக்கின்றது. ஆனால் அது பொருந்தாத விடை. சவர்க்காரப் படிவும் மயிரும் ஒரே இரவில் குழாயை அடைப்பதில்லை. அவை மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் சேர்வன. நேற்று வரை ஒழுங்காகப் போன நீர் நாளுக்கு நாள் தளர்ந்து வந்தால் அழுக்கை ஐயுறலாம். குழாய் மாற்றிய அன்றே தளர்ந்தால் ஐயுற வேண்டியது புதிதாகச் செய்த வேலையையே. இவ்வாறான தொல்லை எதற்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாறியது எது? மாறிய பொருளிலேயே பெரும்பாலும் காரணமும் இருக்கும்.

கழிவுநீர் விரைந்து இறங்குவதற்கு மூன்று வேண்டும். முதலாவது, தடையில்லாத வழி. இரண்டாவது, அளவான இறக்கம். மூன்றாவது, காற்று. முதலிரண்டையும் எவரும் அறிவர். மூன்றாவதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. புதிய குழாயில் நீர் நிற்கும்போது இம்மூன்றில் ஏதோ ஒன்று குறைந்திருக்கின்றது என்பதே பொருள். எது குறைந்தது என்பதை ஊகத்தால் அறிய வேண்டியதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து அறியலாம்.

சோதனைக்கு முன்னர் அளவு வேண்டும். “மெதுவாகப் போகிறது” என்பது மனத்தின் தோற்றம், அளவாகாது. தொட்டியில் வழக்கமாக நிரப்பும் மட்டம் வரை நீரை நிரப்பி, அடைப்பானை எடுத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நடுத்தர அளவான தொட்டியும், 1½ அங்குலக் கழிவுக் குழாயும், சரியான இறக்கமும் இருக்குமாயின் ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் தொட்டி வெறுமையாகிவிடும். கால்மணி, அரைமணி என்று நீளுமாயின் குறை உண்டென்பது உறுதி. இடையே ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். நீர் குறையக் குறைய வேகமும் இயல்பாகவே குறையும். இத்தாலிய அறிஞர் தொரிச்செல்லி 1644ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்விதியை விளக்கினார். துளைக்கு மேல் நிற்கும் நீரின் ஆழம் நான்கில் ஒன்றாகக் குறைந்தால், வெளியேறும் வேகம் பாதியாகிவிடும். ஆகவே தொட்டியின் அடியில் எஞ்சிய நீர் சற்றுத் தயங்குவதைக் கண்டு குழாய் வேலை செய்தவரைக் குறை கூறுவது நேர்மையாகாது. கிடைத்த நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்தல் நன்று. மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்பது தெரியாமற் போய்விடும்.

முதற் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. அதே குளியலறையில் உள்ள முகங்கழுவும் தொட்டியில் நீரைத் திறந்துவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு தொட்டிகளும் ஒருங்கே தயங்கினால், அவை சேர்ந்த பின்னர் உள்ள பொதுக் குழாயிலோ, வெளியே உள்ள குழியிலோ தடை இருக்கின்றது. முகங்கழுவும் தொட்டியில் நீர் விரைந்து இறங்கி, குளிதொட்டியில் மட்டும் நிற்குமாயின், குறை குளிதொட்டிக்கே உரிய குழாயில் இருக்கின்றது. நமது உதாரணப் பங்களாவில் முகங்கழுவும் தொட்டி நன்றாகவே வேலை செய்தது. ஆகவே பாதி வீட்டை உடைக்கும் செலவு அந்த ஒரு நிமிடத்தில் மிஞ்சியது.

அடுத்தது, வழியில் தடை உண்டா என்பது. புதிய வேலையில் தடைகளும் புதியனவாகவே இருக்கும். வேலை நடக்கும்போது தூசு விழாதிருக்கத் திணித்த துணி எடுக்கப்படாமல் உள்ளேயே கிடக்கலாம். சீமெந்துக் கட்டி விழுந்திருக்கலாம். குழாயை வாளால் அறுத்த இடத்தில் பிசிறு நீக்கப்படாமல் இருக்கலாம். ஒட்டும் பசை அளவுக்கு மீறிப் பூசப்பட்டு உள்ளே வரம்பு போல் இறுகியிருக்கலாம். இறப்பர் வளையம் நசுங்கி வாயை மறைத்திருக்கலாம். தொட்டியின் துளைமேல் உள்ள சல்லடைத் தகட்டைக் கழற்றி, கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தால் இவற்றுட் சில கண்ணுக்கே தெரியும். அடைப்பான் கம்பியால் உயர்ந்து தாழும் வகையாயின், அது முழுதும் உயர்கின்றதா என்பதையும் பார்க்க வேண்டும். ஓர் அங்குலம் உயர வேண்டிய மூடி கால் அங்குலமே உயர்ந்தால் கீழே எவ்வளவு அகன்ற குழாய் இருந்தும் பயனில்லை.

குழாயின் அகலமும் தடையாகலாம். 1½ அங்குலக் குழாய் இருந்த இடத்தில், கையிருப்பில் இருந்தது என்பதற்காக 1 அங்குலக் குழாயைப் பூட்டிவிடுவதுண்டு. அரை அங்குலந்தானே என்று தோன்றும். ஆனால் நீர் செல்லும் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1½ அங்குலக் குழாயின் பரப்பை 100 என்று கொண்டால், 1 அங்குலக் குழாயின் பரப்பு 44 மட்டுமே. பாதிக்கும் மேலான வழி அடைபட்டுவிடுகின்றது. செங்குத்தான திருப்பங்களும் இவ்வாறே நீரை வருத்துவன. ஒரே முழங்கை வளைவாகத் திருப்புவதைக் காட்டிலும், இரண்டு சாய்வான வளைவுகளால் மெல்லத் திருப்புவது மேல்.

இரண்டாவது தேவை இறக்கம். கழிவுக் குழாய்க்குத் தச்சரும் கொத்தரும் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு, அடிக்குக் கால் அங்குலம் என்பது. எட்டடிக் குழாயின் முடிவு, தொடக்கத்தைக் காட்டிலும் இரண்டு அங்குலம் தாழ்ந்திருத்தல் வேண்டும். மீற்றர்க் கணக்கில் மீற்றருக்கு ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர். இதை அறிய ரசமட்டம் ஒன்று போதும். அதுவும் இல்லையாயின், ஒளி ஊடுருவும் நீண்ட இறப்பர்க் குழாயில் நீரை நிரப்பி, இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொள்ளலாம். தண்ணீர் தன் மட்டத்தைத் தானே காணும். இரு முனைகளிலும் நீர் நிற்கும் இடம் ஒரே மட்டமாகும். அந்த மட்டத்திலிருந்து குழாயின் தொடக்கம் எவ்வளவு தாழ்ந்துள்ளது, முடிவு எவ்வளவு தாழ்ந்துள்ளது என்று அளந்தால் இறக்கம் தெரிந்துவிடும். தேயிலை மலையில் கான் வெட்டுவோர்க்கு இக்கணக்கு புதிதன்று. அளவுக்கு மிஞ்சிய சாய்வில் வெட்டினால் மண் கரைந்து போகும். சாய்வு போதாவிடின் நீர் தேங்கிக் கரை உடையும். மலையில் கான் வெட்டும்போது எண்ணுவதைப் பங்களாவின் பலகைத் தரைக்குக் கீழேயும் எண்ண வேண்டும் என்பதே செய்தி.

பீ.வி.சி. குழாய்க்கு இங்கே தனிக் கவனம் தேவை. இரும்பு வளையாது, பீ.வி.சி. வெப்பத்தால் இளகும். வெந்நீர் நாள்தோறும் ஓடும் குழாயைத் தாங்கிகள் இன்றி நெடுந்தூரம் தொங்கவிட்டால், நாளடைவில் நடுவே தொய்வு விழும். தொய்ந்த இடத்தில் நீர் குளமாக நிற்கும். நின்ற நீரில் அழுக்குப் படியும். மூன்று நான்கு அடிக்கு ஒரு தாங்கி கொடுத்தால் இக்குறை வாராது. கொதிக்கும் நீரைக் கேத்தலோடு சரித்து அடைசலைக் கரைக்க முயல்வதும் இக்காரணத்தாலேயே தவறாகும்.

மூன்றாவது தேவை காற்று. இதனை விளங்கிக்கொள்ள டின் பால் ஒன்றே போதும். தேநீருக்கு டின் பால் ஊற்றும் வீட்டில் எந்தக் குழந்தையும் இதை அறியும். டின்னின் மேல் ஒரு துளை மட்டும் இட்டுக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக நின்று நின்று வரும். எதிர்ப்புறத்தில் மற்றொரு துளை இட்டவுடன் தாரையாக ஒழுகும். இரண்டாவது துளை பாலுக்கு அன்று, காற்றுக்கு. வெளியேறும் பாலின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கு வழி இல்லையேல் பால் செல்லும் துளையையே காற்றும் தனக்கு வழியாகக் கேட்கும். அவ்வழக்கில் இருவருக்கும் தாமதம். குளிதொட்டியில் “கொடகொட” என்ற ஓசை எழுவது இவ்வழக்கின் ஓசையே. கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் காற்றுக்குழாய் இதற்கென்றே வைக்கப்பட்டது. பழைய குழாய்களைக் கழற்றும்போது, இது எதற்கும் பயன்படாத குழாய் என்று அதையும் அறுத்து எறிந்துவிடுவதுண்டு. அதன் வாயில் பறவை கூடு கட்டி அடைத்திருப்பதும் உண்டு.

காற்றின் நிலையை அறிய எளிய சோதனை ஒன்று இருக்கின்றது. ஒழுங்காகப் பூட்டிய கழிவுக் குழாயில், தொட்டியைத் தாண்டியவுடன், துப்புரவு செய்வதற்கென்று திருகி மூடிய வாய் ஒன்று இருக்கும். கீழே ஒரு வாளியை வைத்துக்கொண்டு, தொட்டியில் நீர் தயங்கி நிற்கும்போது அந்த மூடியை மெல்லத் தளர்த்த வேண்டும். மூன்றில் ஒன்று நிகழும். மூடியின் வழியே நீர் பீறிட்டு வந்தால், தடை அதற்கும் அப்பால் இருக்கின்றது. காற்று உள்நோக்கி உறிஞ்சப்பட்டு, தொட்டி நீர் உடனே விரைந்தால், காற்றுக்குழாய் இல்லை அல்லது அடைபட்டிருக்கின்றது. காற்று வெளிநோக்கிச் சீறிக்கொண்டு வந்து, அதன்பின் நீர் விரைந்தால், குழாயினுள் காற்று சிறைப்பட்டுக் கிடந்தது என்பது தெளிவு.

உதாரணப் பங்களாவில் இளைஞர் மூடியைத் தளர்த்தினார். “உஸ்” என்று காற்று வெளியே வந்தது. அரைமணி நேரம் அசையாதிருந்த நீர் சுழன்று இறங்கத் தொடங்கியது. காற்றைச் சிறைப்படுத்தியது எது? தரைக்குக் கீழே குனிந்து பார்த்தபோது விடை கிடைத்தது. தொட்டிக்கு நேர் கீழே இளைஞர் புதிய வளைகுழாய் ஒன்றைப் பூட்டியிருந்தார். அதற்கு ஐந்தடி அப்பால், சுவரோரத்தில், பழைய இரும்பு வளைகுழாய் அகற்றப்படாமல் அப்படியே இருந்தது. இரண்டு வளைவுகளிலும் நீர் நின்றது. இரண்டு நீருக்கும் நடுவே அகப்பட்ட காற்றுக்கு மேலேயும் வழியில்லை, கீழேயும் வழியில்லை. மெத்தையைப் போல அது நீரைத் தாங்கி நின்றது.

“ஒரு கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறோம், பெரியவரே. குற்றம் என்னுடையதுதான்” என்றார் இளைஞர்.

“அப்படியானால் இரண்டையும் எடுத்துவிடு, தம்பி. தண்ணீர் இன்னும் வேகமாகப் போகுமே” என்றார் முதியவர்.

இவ்விடத்தில்தான் மிகுந்த விழிப்பு வேண்டும். நீரை விரைவாக்கும் ஆசையில் வளைகுழாயையே அகற்றிவிடுவது பலர் செய்யும் பிழை. பேராபத்தான பிழையும் அதுவே. வளைகுழாயில் எப்போதும் நிற்கும் சிறிதளவு நீர், கழிவுக் குழாயின் நச்சுக் காற்றும் நாற்றமும் பூச்சிகளும் வீட்டுக்குள் ஏறாதவாறு காக்கின்றது. நீரடைப்பு மலசலகூடம் என்று கிராமங்களிலும் தோட்டங்களிலும் சொல்கிறார்களே, அந்த நீரடைப்பும் இதுவே. அழுக்கால் வரும் அடைசல் வேறு. காவலாக நிற்கும் இந்நீரடைப்பு வேறு. வளைந்த குழாயில் நீரை நிறுத்தி நாற்றத்தைத் தடுக்கும் அமைப்புக்கு 1775ஆம் ஆண்டில் உரிமம் பெற்றவர் அலெக்சாந்தர் கமிங் என்பவர். அவர் தொழிலால் கடிகாரம் செய்பவர். ஒரு கைப்பிடி நீர் செய்யும் காவலை அன்றே அவர் உணர்ந்திருந்தார்.

அக்காவல் இல்லாவிடின் என்ன நேரும் என்பதை 2003ஆம் ஆண்டில் ஹொங்கொங் நகரம் கண்டது. அமோய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் திடீரெனப் பரவியது. 300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 42 பேர் உயிரிழந்தனர். ஆராய்ந்தபோது, குளியலறைத் தரைத்துளைகளின் வளைகுழாய்கள் பல வறண்டு கிடந்தமை தெரிய வந்தது. தரையை நீரூற்றிக் கழுவாமல் துணியால் துடைத்து வந்தமையால் அவற்றில் நீர் நிற்கவில்லை. காற்றை வெளியேற்றும் விசிறிகள் சுழன்றபோது, கழிவுக் குழாயில் இருந்த நோய்க்கிருமிகள் வறண்ட துளைகளின் வழியே வீடுகளுக்குள் இழுக்கப்பட்டன என்று அறிஞர் விளக்கினர். ஆகவே வளைகுழாய் இரண்டு இருத்தலும் குறை; ஒன்றும் இல்லாதிருத்தல் பெருங்குறை. தொட்டிக்கு அருகில் உள்ள ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அகற்றுவதே முறை. விருந்தினர் வாராத மாதங்களில் பூட்டிக் கிடக்கும் அறைகளிலும் வாரத்துக்கொரு முறை ஒரு செம்பு நீரைத் துளையில் ஊற்றி வைத்தல் நன்று.

கடையில் விற்கும் அடைப்பு நீக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றுட் பலவற்றில் எரிசோடா இருக்கின்றது. நீரோடு சேர்ந்தவுடன் அது கடும் வெப்பத்தை உண்டாக்கும். தோலையும் கண்ணையும் சுடும். இறக்கம் போதாத குழாயையோ, காற்று அடைபட்ட குழாயையோ அதனால் திருத்த இயலாது. அது தேங்கிய நீரிலேயே கலந்து நிற்கும். அடுத்து அக்குழாயைக் கழற்ற வருபவரின் கையிலும் முகத்திலும் அது தெறிக்கும். வெளுப்பாக்கும் திரவத்தோடு அமிலம் கலந்த துப்புரவுத் திரவத்தைச் சேர்த்து ஊற்றினாலோ, குளோரின் என்னும் நச்சு வாயு எழும். கதவு மூடிய சிறிய குளியலறையில் அது உயிருக்கே இடராகும். குழாயின் குறையைக் கண்டு திருத்தும் வழி இருக்கும்போது, மருந்தை நாடுவது நோயறியாமல் மருந்துண்பதற்கு ஒப்பாகும்.

இளைஞர் பழைய இரும்பு வளைவை அகற்றி, அவ்விடத்தில் நேர்க்குழாயைப் பூட்டினார். அடிக்குக் கால் அங்குல இறக்கத்தையும் சரிபார்த்தார். மீண்டும் தொட்டி நிரப்பப்பட்டது. கடிகாரம் பார்க்கப்பட்டது. ஐந்து நிமிடத்துக்குள் தொட்டி வெறுமையாயிற்று. வேலை முடிந்தது என்று இளைஞர் கருவிப் பையைக் கட்டினார். முதியவர் மட்டும் வெளியே சென்று, சுவரோரமாக நடந்து, சரிவின் கீழே பார்த்தார்.

அவர் பார்த்தது வீண் செயலன்று. தோட்டங்களில் பங்களா மேட்டிலே இருக்கும். பல இடங்களில் லயங்கள் அதன் கீழே இருக்கும். தொட்டியில் குளித்தவர் அடைப்பானை எடுத்தவுடன் நீரை மறந்துவிடலாம். கீழே இருப்பவருக்கு அந்நீர் அப்போதுதான் வந்து சேர்கின்றது. முன்னர் மெல்லக் கசிந்த நீர், குழாய் திருந்திய பின் ஒரே தொகுதியாகப் பாய்கின்றது. வெளியே உள்ள வடிகான் உடைந்திருந்தால் அது லயத்தின் வாசலை நனைக்கும். சரிவிலே இறங்கினால் மண்ணை ஊறச் செய்யும். மலைச்சரிவின் உறுதிக்கு ஊறிய நீரே பெரும் பகை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில், தொடர்ந்து பெய்த பெருமழைக்குப் பின் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அத்துயரத்தை ஊவா மக்கள் மறந்திலர். அது குளியலறை நீரால் விளைந்ததன்று, பெருமழையால் விளைந்தது. எனினும் சரிவில் நீர் ஊறுவது எத்தகையது என்பதை அது காட்டியது. மழையைத் தடுப்பது எவர்க்கும் இயலாது. வீட்டு நீரைக் கட்டிய கானிலே அடக்கிப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு செல்வது எவர்க்கும் இயலும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உறிஞ்சு குழி நிரம்பியிருந்தால், எவ்வளவு நல்ல குழாயிலும் நீர் தயங்கும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அந்நாள்களில் குழாயைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் குழியைப் பார்ப்பதே அறிவு.

“தம்பி, பையைக் கட்டாதே. கீழே கானிலே இரண்டு கல் பெயர்ந்திருக்கிறது. தண்ணீர் லயத்துப் பக்கம் திரும்புகிறது. அதையும் வைத்துவிட்டுப் போ” என்றார் முதியவர்.

இளைஞர் பையை அவிழ்த்தார். இரண்டு கல்லும் ஒரு சட்டிச் சாந்தும் அரைமணி நேரமுமே அதற்குத் தேவைப்பட்டன. கல்லை வைத்து முடித்த பின் மூன்றாம் முறையாகத் தொட்டி நிரப்பப்பட்டது. இம்முறை முதியவர் தொட்டியருகே நிற்கவில்லை. கானின் கடைசி வளைவில் நின்றார். மேலே அடைப்பான் எடுக்கப்பட்டது. நீர் வந்தது, லயத்தின் பக்கம் திரும்பாமல், தன் வழியே சென்றது. அவர் கையை உயர்த்திக் காட்டிய பின்னரே வேலை முடிந்ததாக இருவரும் கொண்டனர்.